அடுத்தவன் கூண்டில் கை வைத்தவள்

மெர்ல் குஷ்மன் செத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மகள் டெல்லா சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பத்திரிகைக்கு அனுப்ப இரங்கல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். ஹெரிக் தீவில் பிறந்தது, அறுபது வருஷம் கூண்டு போட்டுச் சிங்கி இறால் பிடித்தது எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. "ஸ்டோவர் துறையில் நடந்த ஒரு சனிக்கிழமை பீன்ஸ் விருந்தில் ரோவினா பெட்டனைச் சந்தித்து, மணந்துகொண்டார்" என்று அடுத்த வரியை அவள் உரக்க வாசித்ததும், அடுப்படியில் நின்றிருந்த ரோவினா கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினாள்.

"எங்க சந்திச்சோம்னு சொன்ன?"

"பீன்ஸ் விருந்துலம்மா. ஊரே அப்படித்தான சொல்லுது."

"எந்த ஊரு? எங்க ஓரின் பெரியப்பா வீட்டு ஆளுங்க ஊரா? அவங்க மானத்தைக் காப்பாத்த அவங்க அவிச்ச பொய்யி அது. அதைக் கொண்டுவந்து உங்கப்பன் பொணத்து மேல வைக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? அடி அந்த வரியை."

"சரி, அடிச்சிட்டேன். வேற என்னன்னு எழுத?"

"நான் உங்கப்பன் கூண்டுல கை வச்சேன்னு எழுது. கையும் களவுமா மாட்டினேன்னு எழுது."

டெல்லா பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளும் படகு வைத்திருப்பவள்தான். அம்மா என்ன சொல்கிறாள் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் மூடினாள்.

எங்கள் கரையில் ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான். நாலு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டு ஓடியவன் திரும்பி வந்தால் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். அடுத்தவன் கூண்டைத் தூக்கியவனுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது. கடலுக்கு அடியில் பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் யாரும் காவல் இல்லாமல் கிடக்கிற பொருள் அது. மேலே மிதக்கிற ஒரு கட்டையும், அதில் பூசிய சாயமும்தான் பூட்டு. வீட்டுக்கு வீடு ஒரு சாயம். ஒருவனுடைய சாயத்தை மதிக்காதவனை அப்புறம் எவன் நம்புவான்? அவன் பேர் சாகிறவரை திருடன்தான். பேரப்பிள்ளை காலத்திலும் சொல்லிக் காட்டுவார்கள்.

ரோவினாவின் அப்பா ஹார்லன் பெட்டனுடைய சாயம், வெள்ளைக் கட்டையில் ஒரு ஆரஞ்சு வளையம். நாற்பது வருஷம் அந்த வளையத்துக்கு ஒரு கெட்ட பேர் கிடையாது. ஒருநாள் கயிறு சுற்றும் சக்கரத்தில் வலது கை சிக்கி, மூன்று விரல் போய்விட்டது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. பதினெட்டு வயசு ரோவினா மறுநாளே எண்ணெய்த் துணிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு படகை எடுத்தாள். துறையில் அன்றைக்கு அடித்த கேலி கொஞ்சமா நஞ்சமா!

"ஏம்மா ரோவினா, படகுல சமைக்கப் போறியா?" என்றான் ஒருவன்.

"ஆமா, உன்னை வெட்டித்தான் இரை போடலாம்னு இருக்கேன். ஆனா நீ ரொம்பக் கொழுப்பு, சிங்கிக்கு ஆகாது," என்றாள் அவள்.

நாலு வருஷம் ஓட்டினாள். ஹார்லன் வீட்டில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு விரலாலும் இடது கையாலும் கூண்டுக்குள் மீனைப் போட்டுத் தொங்கவிடும் இரைப் பையை வெள்ளை நூலில் பின்னிக் கொடுப்பார். அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஹார்லனின் அண்ணன் ஓரின்தான் துறைக்குப் பெரிய தலை. யார் எங்கே கூண்டு போடலாம் என்று அவர்தான் சொல்வார். தம்பிக்காக அவர் ரோவினாவைப் பொறுத்துக்கொண்டார். "தம்பி சாயத்துக்குத்தான் மரியாதை. பொண்ணு ஒரு தப்புப் பண்ணினா, அன்னைக்கே படகைக் கரையேத்திடுவேன்," என்று அவள் காதுபடவே சொல்வார். அவளும் தப்புப் பண்ணவில்லை, அறுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம் வரைக்கும்.

அந்த வாரம் முழுக்க மூடுபனி. படகின் முன்தலை அணியத்தில் இருந்து பார்த்தால் பின்பக்க அமரம் தெரியாது. கழுகுப் பாறைக்கும் தீவின் ஒற்றைத் தேவதாரு மரத்துக்கும் நடுவே கண்ணால் ஒரு கோடு இழுத்தால் அதுதான் எல்லை. இந்தப் பக்கம் ஸ்டோவர் துறை, அந்தப் பக்கம் ஹெரிக் தீவு. பனியில் பாறையும் இல்லை, மரமும் இல்லை, அப்புறம் எங்கே கோடு? ரோவினா திசைகாட்டியையும் கடிகாரத்தையும் பார்த்துப் பார்த்துப் போய், வெள்ளையில் ஆரஞ்சு வளையம் தெரிந்ததும் கொக்கியைப் போட்டு இழுத்தாள். கயிறு சக்கரத்தில் ஏறியது. கூண்டு மேலே வந்தது. கதவைத் திறந்து ஒரு நல்ல சிங்கியின் முதுகைப் பிடித்துத் தூக்கினாள். அப்போதுதான் உள்ளே தொங்கிய இரைப் பை கண்ணில் பட்டது. பச்சை நூல்.

இது அப்பா பின்னியது இல்லை. அவர்கள் வீட்டில் பச்சை நூலே கிடையாது.

அதே நேரம் பனிக்குள்ளிருந்து ஒரு இயந்திரச் சத்தம் கேட்டு, நின்றது. இருபதடி தள்ளி ஒரு சாம்பல் நிறப் படகு. அதில் ஒரு நெட்டையன் கையில் கொக்கியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, எடுத்து முடிச்சிட்டியா? இல்ல, ஒத்தாசைக்கு வரட்டுமா?"

கையில் சிங்கி. கூண்டு அவனுடையது. இதைவிட வசமாக யார் மாட்டிக்கொள்ள முடியும்? வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். ரோவினாவுக்குக் கோபம்தான் வந்தது.

"உன் கூண்டு இங்க என்னய்யா பண்ணுது? இது ஸ்டோவர் தண்ணி."

"பனியில எல்லை எங்க தெரியுது?"

"போன வாரம் வெயில்ல போட்டியே, அப்பக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

 அவன் தெரிந்தேதான் போட்டிருந்தான், கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்பது கூண்டு. சிரித்தான்.

"அப்ப நானும் திருடன், நீயும் திருடி. யாரு யாரைப் பிடிச்சுக் குடுக்கறது?"

"யாரைத் திருடிங்கற? உன் மிதவையைப் பாரு முதல்ல! சிவப்பு வளையம்தான அது? சாயம் அடிச்சு எத்தனை வருஷமாச்சு? வெளுத்துப்போய் என் ஆரஞ்சு மாதிரி இளிக்குது. சோம்பேறிக்குக் கடல்ல என்ன வேலை?"

சொல்லிக்கொண்டே சிங்கியைக் கூண்டுக்குள் போட்டாள். அவன் இரைப் பையை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "த்தூ! இதை எங்க வீட்டு நாய்கூடச் சீண்டாது," என்று அதைக் கடலில் எறிந்துவிட்டு, தன்னுடைய வெள்ளைப் பையில் புது ஹெர்ரிங் மீனைத் திணித்துக் கட்டினாள். கதவை மூடிக் கூண்டைத் தண்ணீரில் தள்ளினாள்.

"அதை என் கையிலயே குடுத்திருக்கலாமே," என்றான்.

"உன் கூண்டு, நீயே தூக்கிக்க. நான் என்ன உன் கூலியாளா?"

"என் பேரு மெர்ல்."

"நான் கேக்கல," என்று சொல்லி விசையைத் தள்ளிப் படகைக் கிளப்பினாள்.  

இந்த இடத்தில் டெல்லா குறுக்கிட்டாள். "அன்னைக்கேவாம்மா அப்பாவைப் பிடிச்சுப்போச்சு?"

"அன்னைக்கா? அந்தக் கொக்கியால அவன் மண்டையில ஒண்ணு போடணும்னுதான் இருந்துச்சு."

வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் கேடு என்பதால் இரண்டு பேரும் திறக்கவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து ரோவினா தன் கூண்டு ஒன்றைத் தூக்கினால், உள்ளே பச்சை நூல் பை தொங்குகிறது! சிவப்பு மீன் தலை, அன்றைக்குப் பிடித்தது போலப் பளபளவென்று இருந்தது. அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. இவன் என் கூண்டைத் தூக்குவதா? என் இரையை எடுத்துவிட்டுத் தன் இரையை வைப்பதா? எவ்வளவு திமிர்! நேரே கோட்டோரம் போய் அவன் கூண்டைத் தூக்கினாள். இந்தத் தடவை பனி இல்லை, வெயில். கண் நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் தூக்கினாள். உள்ளே ஒரு பழைய பூட்ஸைப் போட்டுக் கதவை மூடினாள்.

அடுத்த வாரம் அந்த பூட்ஸ் அவள் கூண்டுக்கே திரும்பி வந்தது. கிழிந்த அடிப்பாகம் தைத்து, மெழுகு தேய்த்திருந்தது.

பூட்ஸைத் தைத்துத் திருப்பி அனுப்புகிறவனை என்ன செய்வது? ரோவினா ஒரு ஜாடியில் கடுகு போட்ட வெள்ளரி ஊறுகாயை அடைத்து, மூடிக்கு மெழுகு ஊற்றி அவன் கூண்டில் வைத்தாள். "உறைப்பு பத்தல" என்று உள்ளே ஒரு சீட்டோடு ஜாடி காலியாகத் திரும்பியது. அடுத்த தடவை உறைப்பைக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி கூட்டி வைத்தாள். பதில் சீட்டு வர ஒரு வாரம் ஆனது. "நாக்கு செத்துப்போச்சு. நன்றி."

நேருக்கு நேர் பேசியது அந்தக் கோடையில் மொத்தம் மூன்று தடவைதான். அதுவும் இருபதடி தண்ணீருக்குக் குறுக்கே கத்தி. மற்றதெல்லாம் கூண்டு வழியாகத்தான் நடந்தது. ஆகஸ்டில் ஒருநாள் ஜாடி நிறைய அவுரிநெல்லிப் பழம் வந்தது. சீட்டில், "விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வர்ற. சாப்பாட்டுத் தூக்கு கையில இல்ல. தின்னு தொலை" என்று எழுதியிருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, அந்தப் பழத்தையெல்லாம் கையால் அள்ளி அள்ளித் தின்றாள். தின்னத் தின்ன அழுகை வந்தது. அப்பாவின் விரல் போனபோது அழாதவள். நாலு வருஷமாக, எத்தனை சிங்கி பிடித்தாய் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு அவன் மேல் ஆசை வந்தது. வந்தது வந்ததுதான், அப்புறம் போகவே இல்லை.

அவனுக்காகக் கையுறை பின்னினாள். எங்கள் மீனவக் கையுறையை இரண்டு மடங்கு பெரிதாகப் பின்னி, உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் சுருக்க வேண்டும். பத்துப் பாகம் ஆழத்தில் வைப்பதற்கு அதைவிடத் தோதான பரிசு உண்டா? அவன் கையின் அளவு தெரியாது. கொக்கியைப் பிடித்திருந்த விதத்தை நினைத்து நினைத்துப் பின்னினாள். அதை வைக்க அவன் கூண்டை அவள் தூக்கியது ஒன்பதாவது தடவை.

செப்டம்பரில், பட்டப்பகலில், ஓரின் பெரியப்பா பார்த்துவிட்டார். ரோவினாவின் மிதவை பக்கத்தில் தீவுக்காரன் படகு. ரோவினாவின் கூண்டு அவன் படகு விளிம்பில். அவன் தலை கூண்டுக்குள். வேறென்ன வேண்டும்? கரைக்கு வந்து கத்திய கத்தலில் துறையே கூடிவிட்டது. திங்கட்கிழமை காலையில் எல்லாப் படகும் சேர்ந்து போய், மெர்ல் குஷ்மனின் கூண்டுக் கயிறு அத்தனையையும், கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற நூற்றுப்பத்து உட்பட, அறுத்து விடுவது என்று முடிவானது. திருடன் என்று அக்கம்பக்கத்து ஆறு துறைக்கும் சொல்லி அனுப்புவது. அதற்கப்புறம் அவனுக்கு எந்தத் துறையிலும் படகு கட்ட இடம் கிடையாது.

பெரியப்பா ரோவினாவிடம் வந்து, ஏதோ வரம் கொடுக்கிற மாதிரிச் சொன்னார். "கவலப்படாத. உன் கூண்டுல கை வச்சவனை நாங்க சும்மா விடுவமா?"

ரோவினாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் மெர்ல் சாகும்வரை திருடன். வாயைத் திறந்தால் அவள் திருடி. படகு போகும், கடலில் இடம் போகும், நாற்பது வருஷம் அப்பா காப்பாற்றிய ஆரஞ்சு வளையத்தின் மேல் சேறு விழும். துறைச் சட்டத்தில், பழம் வைக்கத்தான் தூக்கினேன் என்று ஒரு விதிவிலக்கும் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்தில் பீன்ஸ் விருந்து. ஊர் முழுக்க அங்கேதான். ஓரின் பெரியப்பா பன்றிக்கொழுப்புப் போட்ட பீன்ஸைத் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு யார் யார் எந்தப் பக்கம் போவது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். ரோவினா தன் தட்டோடு எழுந்து நின்றாள்.

"பெரியப்பா, அறுக்கறதுன்னா முதல்ல என்னோடதை அறுங்க."

"உக்காரு புள்ள. பொம்பளைங்க பேசற விஷயமா இது?"

"என் கூண்டைப் பத்திப் பேச்சு, நான் பேசாம யாரு பேசறது? அவன் எடுக்க வரல. வைக்க வந்தான். அவன் எனக்கு வைப்பான், நான் அவனுக்கு வைப்பேன். ஜூன் மாசத்துல இருந்து இதான் நடக்குது. ஊறுகாய் வச்சேன். பூட்ஸ் வச்சேன். கையுறை வச்சேன். ஒம்பது தடவை அவன் கூண்டைத் தூக்கியிருக்கேன். முதல் தடவை பனியில தெரியாம. மத்த எட்டும் தெரிஞ்சே."

 அடுப்படியிலிருந்த பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஓரின் முகம் சிவந்தது. "என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா? அடுத்தவன் கூண்டைத் தூக்கினேன்னு ஊர் நடுவுல சொல்ற!"

"அதைத்தான் சொல்றேன். இன்னொரு தடவை சொல்லவா? கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் போட்ட நாப்பதை அறுங்க, அது நியாயம், நான் ஏன்னு கேக்க மாட்டேன். மத்ததுல கை வச்சீங்க, தீவுக்காரங்களுக்கு நானே போய்ச் சொல்லுவேன், யாரு யாரு அறுத்தீங்கன்னு. அவனைத் திருடன்னு எவனாவது சொன்னா, திருடி நான் இங்க நிக்கிறேன். என்னைச் சொல்லுங்க."

 எல்லாரும் ஹார்லனைப் பார்த்தார்கள். அவர் மகளை ஏறெடுத்தும் பார்க்காமல், இடது கையால் ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்தார்.

"என் சாயத்தை இறக்கி வை," என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள்; அடித்திருந்தால் தாங்கியிருப்பாள்.  "சரிப்பா," என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த பீன்ஸ் மொத்தத்தையும் உட்கார்ந்து தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். பாதியில் எழுந்து ஓடினாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.

மூன்று நாளில் ஆரஞ்சு வளையம் போட்ட கூண்டு அத்தனையையும் கரையேற்றி, அப்பாவின் முற்றத்தில் அடுக்கினாள். துறைக்காரர்கள் மெர்லுடைய நாற்பதை மட்டும் அறுத்தார்கள். திருடன் என்ற பேரை அவன் தலையில் ஒட்ட முடியவில்லை. அது ரோவினா தலையில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதாகோவில் விட்டு ஊர் வெளியே வருகிற நேரத்தில், மெர்ல் தன் சாம்பல் நிறப் படகை ஸ்டோவர் துறையிலேயே கொண்டுவந்து கட்டினான். செப்டம்பர் வெயிலில் கம்பளிக் கையுறை மாட்டியிருந்தான். இரண்டு பக்கமும் நின்று முறைத்தவர்கள் நடுவே நடந்து போய், ஹார்லன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"உங்க பொண்ணு ஒம்பது தடவைன்னு சொன்னாளாமே. நான் உங்க கூண்டைப் பதினாலு தடவை தூக்கினேன். பாதியை மறைச்சதா இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். அவளை அழைச்சுக்கிட்டுப் போகவும் வந்தேன்."

ஹார்லன் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். ரோவினா பின்வாசல் வழியாகப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"கையுறை கைக்குச் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இடது கை கொஞ்சம் பிடிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உன் கை கோணல்," என்றாள். இரண்டு பேரும் படகில் ஏறினார்கள்.

தீவுக்காரர்கள் மட்டும் என்ன, ஆரத்தி எடுத்தா வரவேற்றார்கள்? கரைக்காரி, அதுவும் கூண்டு தூக்குகிறவள் என்று அங்கேயும் முதுகுக்குப் பின்னால் பேச்சுதான். அக்டோபரில் கல்யாணம், பதிவாளர் முன்னால் கால் மணி நேரத்தில் முடிந்தது. குளிர்காலம் முழுக்க ஒரு கொட்டகையில் அடுப்பை மூட்டிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து மரச் சட்டத்தில் புதுக் கூண்டு அடித்தார்கள். மெர்ல் தன் சாயத்தையே போட்டுக்கொள்ளச் சொன்னான். ரோவினா கேட்கவில்லை. அப்பன் சாயத்தில் இருந்து இறங்கிப் புருஷன் சாயத்தில் ஏறவா அவ்வளவு பேச்சுப் பேசினாள்? வெள்ளைக் கட்டையில் நீல வளையம் போட்டாள். எங்கள் கரையில் நீலம் ஆகாது. படகில் ஒரு நீல வாளிகூட வைக்க மாட்டார்கள், கடல் இழுத்துக்கொள்ளும் என்பார்கள்.

"ஏன்டி, இருக்கற வம்பு போதாதா?" என்றான் மெர்ல்.

"யாருக்கும் வேண்டாத சாயம். திருப்பிக் குடுன்னு எவனும் கேக்க முடியாது பாரு."

வசந்தத்தில் கோட்டின் மேலேயே, பாறைக்கும் மரத்துக்கும் நேர் நடுவே, முப்பது கூண்டு போட்டாள். ஒரு வாரத்தில் முப்பதையும் அறுத்துவிட்டார்கள். இன்னும் முப்பது அடித்துப் போட்டாள். அதையும் அறுத்தார்கள். மூன்றாவது முப்பதைப் படகில் ஏற்றும்போது மெர்ல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை தடவை ரோவினா?"

"அவங்க கத்தி மழுங்கறவரைக்கும்."

சொன்னாளே தவிர, கையிருப்பு தீர்ந்துவிட்டது. இன்னும் கூண்டு அடிக்க மரம் இல்லை. இந்த முப்பதும் போனால் அவள் கரையோடுதான் நிற்க வேண்டும். பெரியப்பாவுக்கு வேண்டியதும் அதுதான்.

மே மாதம் ஒரு காலை, பளிச்சென்ற வெயில். மிதவைகள் இன்னும் இருந்தன. முதல் கூண்டைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள். உள்ளே வெள்ளை நூல் பை ஒன்று, புது ஹெர்ரிங்கோடு தொங்கியது. முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே, மூடியில் மெழுகு ஊற்றி அடைத்த ஒரு சின்னத் தகர டப்பா. கத்தியால் நெம்பித் திறந்தாள். ஆரஞ்சுச் சாயம்.

இரண்டே விரல் இருக்கிற கை. சக்கரம் இல்லாத துடுப்புத் தோணி. பத்துப் பாகம் கயிற்றை அப்பா கையாலேயே இழுத்துத் தூக்கியிருக்கிறார். நாற்பது வருஷத்தில் அடுத்தவன் மிதவையைத் துடுப்பால்கூடத் தொடாத மனுஷன், மகள் கூண்டைத் திருட்டுத்தனமாகத் தூக்கியிருக்கிறார். திருட்டுத்தனம் என்றுகூடச் சொல்ல முடியாது. பட்டப்பகலில், அண்ணன் ஓரின் படகு நூறடி தள்ளி நிற்கும்போதே தூக்கினார் என்று பிற்பாடு தெரிந்தது. "ஹார்லன், என்ன பண்ற!" என்று அண்ணன் அலறியதற்கு, "கண்ணு தெரியல? அடுத்தவ கூண்டைத் தூக்கறேன்," என்றாராம்.

ரோவினா படகிலேயே உட்கார்ந்து, முப்பது மிதவையிலும் நீலத்துக்கு மேலே ஆரஞ்சு வளையம் போட்டாள். ஹார்லன் சாயத்தை அறுக்க அந்தத் துறையில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? அன்றோடு கத்தி உறைக்குள் போனது. அப்பாவும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு அவர் மெர்லைப் பார்த்து, "மிதவைக்குச் சாயம் அடிக்கப் பழகினியா?" என்று மட்டும் கேட்டார்.

டெல்லாவின் படகில் இன்றைக்கும் அந்த இரண்டு வளையம்தான். நீலம் எதற்கு என்று அவள் இத்தனை வருஷம் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதி, வாசித்துக் காட்டினாள்: "1961 ஜூனில் ரோவினா பெட்டன் இவருடைய கூண்டைத் தூக்கிக் கையும் களவுமாகப் பிடிபட்டார். அவர் ஒன்பது தடவையும், இவர் பதினான்கு தடவையும் தூக்கியபின் மணந்துகொண்டனர்."

"இப்ப சரியாம்மா?"

ரோவினா தொட்டியிலிருந்து கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

"தாத்தா ஒரு தடவைன்னு சேத்துக்க," என்றாள்.